மரத்துக்கு விஷம் வைத்தது யார்?

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. பயப்படாதீர்கள், மார்க்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு நாவல்கள். ஒன்றில் மந்திரிகள், அவர்களைச் சுற்றி இருக்கிற தரகர்கள், நாற்காலிக்காக நடக்கிற கூத்து. விழுந்து விழுந்து சிரிக்கலாம். இன்னொன்றில் மந்திரிக்குப் பெரிய வேலை கிடையாது. கடைத்தெரு, முனிசிபாலிட்டி, உள்ளூர்ப் பத்திரிகை நிருபர், நாற்சந்தியில் ஒரு மரம். இவ்வளவுதான். அதிலும் சிரிக்கலாம். ஆனால் சிரித்து முடிக்கும்போது, அந்தக் கடைத்தெருக் கூட்டத்தில் உங்கள் முகமும் லேசாகத் தெரியும்.

எதைக் காசு கொடுத்து வாங்குவீர்கள்?

முதலாவதைத்தானே? தமிழ்நாடே முதலாவதைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் என் புகார்.

ஆண்டிபட்டியிலிருந்து ஆரம்பிப்போம். தேனி மாவட்டத்துச் சட்டமன்றத் தொகுதி. 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். இங்கே வேட்பாளர். அவர் இருந்ததோ அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனையில். ஒரு நாள்கூடப் பிரசாரத்துக்கு வரவில்லை. அவர் சிகிச்சையில் இருக்கிற வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஜெயித்தார். திரும்பி வந்து முதலமைச்சராகவும் ஆனார்.

2001-ல் ஜெயலலிதாவின் வேட்புமனு ஆண்டிபட்டி உள்பட நாலு தொகுதிகளிலும் தள்ளுபடி ஆனது. எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கவே முடியாதவர் முதலமைச்சராகப் பதவி ஏற்றார். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பெரியகுளத்துக்காரரான ஓ.பன்னீர்செல்வம் நாற்காலியைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டார். ஆண்டிபட்டி எம்.எல்.ஏ. ராஜினாமா செய்து இடம் விட்டார். 2002 பிப்ரவரியில் இடைத்தேர்தல், மார்ச்சில் மறுபடி பதவியேற்பு.

2019 இடைத்தேர்தல் இன்னும் விசேஷம். தி.மு.க. வேட்பாளரும் அ.தி.மு.க. வேட்பாளரும் கூடப் பிறந்த சகோதரர்கள். ஓட்டுப் பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 16 அன்று, ஆண்டிபட்டியில் ஒரு கட்சி அலுவலகம் இருந்த கட்டடத்தில் வருமான வரித்துறை சோதனை. தகராறில் போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட்டது. 94 கட்டுகளில் ஒரு கோடியே 48 லட்ச ரூபாய் சிக்கியது. ஒவ்வொரு கட்டின் மேலும் வார்டு எண், அந்த வார்டில் எத்தனை ஓட்டு, ஒரு ஓட்டுக்கு 300 ரூபாய் என்று குறிப்பு.

இதையெல்லாம் ஒரு நாவலாசிரியர் எழுதிக்கொண்டு போயிருந்தால் பத்திரிகை ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார்? "ரொம்ப ஓவரா இருக்கு சார், அந்த அண்ணன் தம்பி விஷயத்தையாவது எடுத்துடுங்களேன்."

நிஜமே நையாண்டியாக நடக்கிற ஊரில் நையாண்டி எழுத்தாளனுக்கு என்ன வேலை? நியாயமான கேள்வி. நிறைய வேலை இருக்கிறது என்பதுதான் என் பதில். ஏனென்றால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நாம் எல்லோரும் சிரித்தோம். ஆனால் யாரைப் பார்த்துச் சிரித்தோம்? கட்டை வைத்திருந்தவர்களைப் பார்த்து.

கட்டின் மேல் எழுதியிருந்தது யாருடைய கணக்கு? ஒரு கோடியே 48 லட்சத்தை 300-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 49 ஆயிரம். அது எந்தக் கட்சித் தலைவரின் எண்ணிக்கையும் அல்ல. நம்முடையது.

இந்த இடத்தில்தான் இரண்டு எழுத்தாளர்கள் எனக்குத் தேவைப்படுகிறார்கள். இந்திரா பார்த்தசாரதி 1930-ல் பிறந்தவர். சுந்தர ராமசாமி 1931-ல் பிறந்தவர். ஒரே வயசுக்காரர்கள், ஒரே சுதந்திரத்தைப் பார்த்தவர்கள். இருவருமே தமிழில் மிகக் கூர்மையான கேலிக்காரர்கள். ஆனால் ஒருவர் கேமராவை மேடை பக்கம் திருப்பினார். இன்னொருவர் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

*

முதலில் இ.பா. கும்பகோணத்துக்காரர், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அதிகாரத்தை மிகப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். 'தந்திர பூமி', 'சுதந்திர பூமி' என்று அவர் வைத்த தலைப்புகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 'சுதந்திர பூமி'யின் முகுந்தன் படித்த இளைஞன். டெல்லியில் ஓர் அரசியல்வாதியின் வீட்டில் சமையல்காரனாக நுழைகிறான். அடுப்படியில் இருந்து ஆரம்பித்து மந்திரி பதவி வரைக்கும் ஏறுகிறான்.

இதைப் படித்துவிட்டு "பாரேன், சமையல்காரன்லாம் மந்திரி" என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நாவல் புரியவில்லை என்று அர்த்தம். பெரியகுளத்தில் டீக்கடை வைத்திருந்த குடும்பத்தில் இருந்து ஒருவர் மூன்று தடவை முதலமைச்சரானார் என்றபோதும் இதே சிரிப்பைச் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் முதலமைச்சர் ஆவது கேலிக்குரிய விஷயமே இல்லை. ஜனநாயகம் என்று ஒன்று இருப்பதற்கு அதுதானே அடையாளம்? 2014-ல் அதே பதவியேற்பில் மந்திரிகள் வரிசையாகக் கண்ணீர் விட்டபடி உறுதிமொழி எடுத்தார்களே, அதுதான் கேலிக்குரியது. எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்த்துச் சிரிப்பது ஜாதித் திமிர், வர்க்கத் திமிர். வந்த பிறகு யார் முன்னால் எவ்வளவு குனிகிறார் என்பதைப் பார்த்துச் சிரிப்பதுதான் நையாண்டி.

இ.பா. இந்த வித்தியாசம் தெரிந்தவர். முகுந்தன் படித்தவன் என்பதுதான் அவர் வைக்கும் ஊசி. நாற்காலிக்குப் போகிற வழியில் யாரும் அவன் படிப்பைக் கேட்கவில்லை, கொள்கையைக் கேட்கவில்லை. பெரிய மனிதருக்கு எது தேவை என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்தால் போதும். பின்னாளில் 'வேதபுரத்து வியாபாரிகள்' என்று எழுதியபோது, ஊர்ப் பெயரை மாத்திரம் மாற்றி நம் தமிழ்நாட்டு அரசியலையே மேசை மேல் வைத்து அறுத்தார். தலைப்பில் இருக்கிற 'வியாபாரிகள்' என்கிற சொல்லைக் கவனியுங்கள். அரசியல் என்று நீங்கள் நினைப்பது கொடுக்கல் வாங்கல்தான் என்கிறார்.

இந்த வகை நையாண்டியின் பலம் பெரியது. எந்தக் கதவு வழியாகப் போகிறார்கள், யார் கதவைத் திறக்கிறார்கள், என்ன விலை என்பதையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். பயம் போய்விடும். நாற்காலியின் மேல் இருந்த மரியாதை போய்விடும். சர்வாதிகாரிகள் கார்ட்டூனிஸ்ட்டுக்குப் பயப்படுவது இதனால்தான்.

பலவீனமும் ஒன்று இருக்கிறது. அது எழுதுகிறவரின் பலவீனம் அல்ல, வாசிக்கிறவரின் பலவீனம். புத்தகத்தை மூடும்போது நாம் ரொம்ப யோக்கியமாகத் தெரிவோம். 'டெல்லியில அப்படித்தான் சார்', 'கோட்டையில அப்படித்தான் சார்'. நாம் எங்கே இருக்கிறோம்? ஈஸி சேரில். கையில் காபி.

*

இப்போது சு.ரா. அவருடைய 'ஒரு புளியமரத்தின் கதை' 'சரஸ்வதி' பத்திரிகையில் தொடராக ஆரம்பித்து, நின்று, 1966-ல் புத்தகமாக வந்தது. பிறகு ஆங்கிலத்துக்கும் ஹீப்ருவுக்கும்கூடப் போனது. நாகர்கோவிலைப் போல ஓர் ஊர், நாற்சந்தியில் ஒரு புளியமரம். ராஜா காலத்தில் இருந்து சுதந்திரத்துக்குப் பிறகு வரைக்கும் அந்த மரம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் கடைகள் முளைக்கின்றன. இரண்டு வியாபாரிகளுக்குள் போட்டி வருகிறது. முனிசிபல் தேர்தல் வருகிறது. மரத்தை வெட்டணும் என்று ஒரு கட்சி, வெட்டக் கூடாது என்று ஒரு கட்சி. காக்க வேண்டும் என்கிறவர்களுக்கும் மரத்தின் மேல் காதல் கிடையாது. எதிராளி வெட்டச் சொல்கிறானே, அதுதான் காரணம். நேற்று வரை வெறும் மரம், திடீரென்று சாமியாகிறது. கடைசியில் விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள்.

கொன்றது யார்? போலீஸ் கேட்டால் ஒரு பெயர் சொல்லலாம். நாவல் கேட்பது வேறு. மரத்தை ஓட்டாக்கியது யார்? அந்தச் சண்டையைச் சுடச்சுடச் செய்தியாக்கி வயிறு வளர்த்தது யார்? தினமும் அதன் நிழலில் நின்றுவிட்டு, அது பட்டுப்போகும்போது பக்கத்துக் கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தது யார்? ஒவ்வொருவருக்கும் அந்த மரத்தின் சாவில் ஒரு சின்ன பங்கு. சின்ன லாபம். சின்ன மௌனம்.

இதற்கு முன்னால் ஒரு காற்றாடி மரத் தோப்பும் வருகிறது அந்த நாவலில். சுதந்திரம் வந்த உற்சாகத்தில் அதை வெட்டிவிட்டுப் பூங்கா வைக்கிறார்கள். வெள்ளைக்காரன் வெட்டவில்லை, ராஜா வெட்டவில்லை. நம் ஆட்சி வந்த பிறகு, நம் ஊரின் அழகுக்காக, நாமே வெட்டினோம்.

கம்பம் பள்ளத்தாக்கு வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் இருந்து தேனி, சின்னமனூர், கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரங்கள் நின்றது ஞாபகம் இருக்கிறதா? அடிமரத்தில் பெயிண்ட் அடித்து நம்பர் எழுதியிருக்கும். வருஷா வருஷம் புளி உலுக்க ஏலம் விடுவார்கள். வெயில் காலத்தில் பஸ் ஜன்னலுக்குள் நிழல் வந்து வந்து போகும். ரோட்டை அகலமாக்கியபோது அவற்றில் ஏராளமானவை போய்விட்டன. யார் வெட்டியது? 'கவர்மென்ட்டு' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம். இ.பா. பாணியில் கேட்டால் காண்ட்ராக்ட் யாருக்கு, மரம் என்ன விலைக்குப் போனது என்று கேட்கலாம். கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகள். சு.ரா. பாணியில் கேட்டால் இன்னொரு கேள்வி வரும். 'பஸ் ஏன் இவ்வளவு லேட்டு, ரோடு ஏன் இவ்வளவு குறுகல்' என்று புலம்பிக்கொண்டே இருந்த நாம், மரம் விழுந்த அன்று இறங்கிப் போய், 'ஒன்றுக்குப் பதில் எத்தனை நடுவீர்கள், எங்கே நடுவீர்கள்' என்று கேட்டோமா?

ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வேகமாகப் போகணும். ஏலக்காயும் திராட்சையும் வாழைத்தாரும் நேரத்துக்கு மார்க்கெட் போகணும். ஆனால் கேள்வியே கேட்காமல் வாங்கிக்கொண்ட ரோடு அது. அந்த மௌனத்தைக் கேலி செய்ய அரசியல் கார்ட்டூன் போதாது.

*

இந்தச் சண்டை தமிழுக்கு மட்டும் சொந்தம் இல்லை. ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-ல் 'கல்லிவரின் பயணங்கள்' எழுதினார். நம் வீடுகளில் அது குழந்தைகள் கதையாகிவிட்டது. குள்ளர்கள் கட்டிப்போட்ட ராட்சசன் படத்தோடு சரி. ஆனால் அந்தக் குள்ளர் நாட்டில் பதவி வேண்டும் என்றால் கயிற்றின் மேல் ஆடிக் காட்ட வேண்டும். குதிகால் உயரமான செருப்பு ஒரு கட்சி, தாழ்ந்த செருப்பு ஒரு கட்சி. முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா சின்ன முனையில் உடைப்பதா என்று போரே நடக்கிறது. அதுவரை அரசியல். கடைசிப் பயணத்தில் ஸ்விஃப்ட் மனிதனையே பிடித்துவிடுகிறார். குதிரைகள் அறிவோடு வாழ்கிற நாட்டில், மனித உருவத்தில் அசிங்கமான மிருகங்கள் அலைகின்றன.

220 வருஷம் கழித்து, 1946-ல், ஜார்ஜ் ஆர்வெல் இந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'விலங்குப் பண்ணை' வெளிவந்த மறு வருஷம். உலகத்துப் புத்தகங்களில் ஆறே ஆறைக் காப்பாற்றலாம் என்றால் கல்லிவரும் அதில் இருக்கும் என்று அதில் சொன்னார். ஆனால் ஸ்விஃப்டின் மனித வெறுப்பை அவர் ஏற்கவில்லை. மனிதன் திருந்தவே மாட்டான் என்று முடிவு கட்டிவிட்டால் பிறகு அரசியல் எதற்கு, போராட்டம் எதற்கு?

ஆர்வெல் கேட்பது சரி. ஸ்விஃப்டும் அதை அறியாதவர் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர் திரும்பிய கல்லிவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகளின் வாசனைகூடப் பிடிக்கவில்லை. லாயத்தில் போய்க் குதிரைகளோடு பேசிக்கொண்டிருக்கிறான். மனிதகுலத்தை மொத்தமாக வெறுப்பவன் கடைசியில் எங்கே போய் உட்காருவான் என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

அதே போல ஆர்வெலும் பன்றிகளை மட்டும் திட்டிவிட்டுப் போகவில்லை. 'விலங்குப் பண்ணை'யில் பெஞ்சமின் என்று ஒரு கழுதை உண்டு. பன்றிகளுக்கு இணையாகப் படிக்கத் தெரிந்த கழுதை. சுவரில் எழுதிய சட்டங்கள் ராத்திரியோடு ராத்திரியாக மாறுவது அதற்குத் தெரியாமலா இருக்கும்? வாய் திறக்காது. உழைத்து உழைத்துத் தேய்ந்த நண்பன் குதிரையைக் கசாப்புக்காரனின் வண்டி ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் வண்டியில் எழுதியிருப்பதை உரக்கப் படிக்கிறது. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

படித்தவர்களே, பத்திரிகை வாங்குகிறவர்களே, அந்தக் கழுதை யார் என்று நான் சொல்லித்தான் தெரியணுமா?

*

இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், முதலில் சு.ரா.வைப் படியுங்கள்.

காரணம் எளிது. இ.பா. செய்த வேலையை இன்று ஊரே செய்கிறது. செல்போனைத் திறந்தால் மீம்ஸ். 2017 பிப்ரவரியில் ஒரு முதலமைச்சர் மெரினாவில் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் நாம் நூறு ஜோக் ஃபார்வர்ட் பண்ணிவிட்டோம். 2024-ல் அதே தலைவர் ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்றார். அதே ஓ.பன்னீர்செல்வம் என்கிற பெயரில் இன்னும் பலரும் அங்கே மனு போட்டு நின்றார்கள். அதற்கும் சிரித்தோம். அரசியல்வாதியைக் கேலி செய்ய இனி தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவு சிரித்து எதாவது மாறியதா? சிரிப்பு சூடு தணிக்கிற மோராகிவிட்டது. குடித்தோம், குளிர்ந்தோம், படுத்தோம்.

நம்மை நாமே கேலி செய்வதற்கோ ஆள் கிடையாது. எந்த மீமில் ஓட்டுப் போடுகிறவன் வில்லனாக வருகிறான்? வந்தாலும் கிராமத்துக்காரனாகத்தான் வருவான். '300 ரூபாய்க்கு ஓட்டை வித்துட்டான் பாரு' என்று நகரத்து அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப் தலையில் அடித்துக்கொள்ளும்.

அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. போடியில் இருந்து விடியற்காலையில் ஜீப்பில் அடைந்துகொண்டு மலை ஏறி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்ணுக்கு 300 ரூபாய் என்றால் அன்றைக்கு அடுப்பு எரியும். அவள் வாங்குவது சரி என்று சொல்லவில்லை. ஆனால் அவளைத் திட்டுகிற உங்களிடம் சில கேள்விகள். வீடு வாங்கியபோது பத்திரத்தில் முழு விலையைப் போட்டீர்களா? 'பில் வேண்டாம்னா குறைச்சுக்கலாமா' என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்? பிள்ளைக்கு ஸீட் வாங்க யாருடைய சிபாரிசு லெட்டர்? வரியில் ஒரு லட்சம் மிச்சம் பிடித்தால் அது சாமர்த்தியம், கூலிக்காரி 300 வாங்கினால் அது ஜனநாயகப் படுகொலை. இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது?

சு.ரா.வின் கடைத்தெரு உங்களை விடாது. அவருடைய ஆட்கள் யாரும் பெரிய பாவிகள் இல்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சாமர்த்தியசாலிகள். அத்தனை சாமர்த்தியமும் சேர்ந்துதான் விஷம்.

*

கேட்கிறது, கேட்கிறது. தேனி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்கிற ஒரு அண்ணன் இதற்குப் பதில் தயாராக வைத்திருப்பார். "அட போங்கண்ணே… மனுசப் புத்தி அப்படித்தாண்ணே. நாம யோக்கியமா இருந்தா அவய்ங்க யோக்கியமா இருப்பாய்ங்களா? குடுக்குறாய்ங்க, வாங்குறோம்."

இது ஒரு தத்துவம் மாதிரி தோன்றும். தத்துவம் இல்லை, தப்பிக்கிற வழி. மனித இயல்பே இப்படித்தான் என்கிற வசனத்தை மிகவும் ரசிப்பவர் யார் தெரியுமா? அந்த 94 கட்டுகளைக் கட்டியவர். எல்லோரும் குற்றவாளி என்றால் யாரும் குற்றவாளி இல்லை. 300 வாங்கிய கையும் ஒன்றரைக் கோடி இறக்கிய கையும் ஒன்று என்று ஆகிவிட்டால் அவருக்கு அதைவிட வேறென்ன வேணும்? இதனால்தான் சு.ரா.வோடு நிறுத்தாதீர்கள், கையோடு இ.பா.வையும் எடுங்கள் என்கிறேன். எல்லோருக்கும் பங்கு உண்டு என்பது நிஜம். பங்குகள் சமம் இல்லை என்பதும் அதே அளவுக்கு நிஜம். யாருக்குக் கொழுத்த பங்கு என்று கணக்குப் பார்த்துச் சொல்ல இ.பா. வேண்டும்.

இன்னொன்று. 'மனுசப் புத்தி' என்று அலுத்துக்கொள்கிற அண்ணனுக்கு அவர் ஊர்ச் சரித்திரத்தையே ஞாபகப்படுத்தலாம். 2011 டிசம்பர். முல்லைப் பெரியாறு அணைக்கு ஆபத்து, இடிக்க வேண்டும் என்று கேரளாவில் குரல் எழுந்தபோது கம்பம் பள்ளத்தாக்கு எழுந்தது. 1895-ல் பென்னி குக் முடித்துக் கொடுத்த அணை. அந்தத் தண்ணீர்தான் இந்தப் பள்ளத்தாக்கின் சோறு. கட்சிக்காரர்கள் லாரி வைத்துக் கூட்டிக்கொண்டு வந்த கூட்டம் இல்லை அது. கிராமம் கிராமமாக ஆணும் பெண்ணுமாகத் தாங்களே கிளம்பி, ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தார்கள். தடியடி பட்டார்கள். தலைக்கு இத்தனை ரூபாய் என்று யாரும் கணக்கு எழுதவில்லை.

இது மனுசப் புத்தி இல்லையா?

அதே நாட்களில் பள்ளத்தாக்கில் மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் தாக்கப்பட்டன. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் தமிழ்த் தொழிலாளர்கள் அடி வாங்கி, பிள்ளை குட்டிகளோடு ஓடி வந்தார்கள். தண்ணீருக்காக நடந்த அதே நாட்களில்தான், வருஷக்கணக்காக டீ குடித்த கடையின் மேல் கல்லும் விழுந்தது.

இதுவும் மனுசப் புத்திதான்.

மேடையில் ஏறி 'மக்கள் எழுச்சி' என்று ஒரு கட்சி மட்டும் சொல்வது பாதிப் பொய். 'கும்பல் வெறி' என்று இன்னொரு கட்சி சொல்வதும் பாதிப் பொய். ஒரே மனிதனுக்குள் இரண்டும் இருக்கிறது, எந்த நேரத்தில் எது வெளியே வரும் என்பதில் அவனுக்கும் ஒரு முடிவு இருக்கிறது என்று சொல்வதுதான் உண்மை. புளியமரத்தின் கதையும் இதைத்தான் சொல்கிறது என்பது என் வாசிப்பு. மரத்தின் சாவு தலைவிதி இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒருவர் 'இது வேண்டாம்ப்பா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இயல்பு என்றால் மாற்ற முடியாது. சொல்லாமல் விட்டது என்றால் அடுத்த தடவை சொல்லலாம்.

அதனால் மனிதனைக் கேலி செய்கிற நையாண்டி மனிதனை இழிவுபடுத்துகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதிகாரத்தை மட்டும் கேலி செய்கிறவன் உங்களை ரசிகனாக நடத்துகிறான். உங்களையும் சேர்த்துக் கேலி செய்கிறவன்தான் உங்களைப் பொறுப்புள்ள ஆளாக நடத்துகிறான். திருத்த முடியாதவனை யாரும் மெனக்கெட்டுக் கேலி செய்ய மாட்டார்கள்.

சரி, பரீட்சைக்கு வருவோம். இரண்டு புத்தகங்களும் கிடைக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு குடும்பம் ஹோட்டலில் ஒருவேளை சாப்பிடுகிற செலவுகூட ஆகாது. வாங்கிப் படியுங்கள். முகுந்தன் நாற்காலியில் ஏறும்போது தாராளமாகச் சிரியுங்கள். புளியமரம் சாகும்போது ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கடைத்தெருவில் நீங்கள் எந்தக் கடை வாசலில் நின்றிருப்பீர்கள் என்று யோசியுங்கள். வெட்டச் சொன்னவரா, சாமியாக்கியவரா, செய்தியாக்கியவரா, வெற்றிலை மென்றுகொண்டு வேடிக்கை பார்த்தவரா?

'நான் அந்த ஊரிலேயே இல்லை சார்' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பதிலுக்கு மார்க் கிடையாது.

அடுத்த தேர்தலில் கட்டுகள் மறுபடி வரும். மேலே வார்டு எண் இருக்கும், எத்தனை ஓட்டு என்று இருக்கும், தொகை மட்டும் கூடியிருக்கும். யார் அனுப்பினார்கள் என்று கேட்டுச் சிரிக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்க ஒரே ஒருவரால்தான் முடியும். அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. உங்கள் வீட்டு முகவரியோடு.